ஹாட்ஸ்பாட் மற்ற ஃபோனில் ஏறுகிறது, லேப்டாப்பில் மட்டும் ஏறவில்லை: எங்கே பார்ப்பது?

கேள்வி இது: புது ஆண்ட்ராய்டு ஃபோன். ஹாட்ஸ்பாட் போட்டால் வீட்டில் இருக்கும் இன்னொரு ஃபோன் உடனே கனெக்ட் ஆகி, அதில் நெட்டும் வருகிறது. ஏழெட்டு வருஷம் ஓடிய விண்டோஸ் 10 லேப்டாப் மட்டும் கனெக்ட் ஆக மாட்டேன் என்கிறது. பழைய ஃபோனோடு இதே லேப்டாப் ஒழுங்காக வேலை செய்தது. கடையில் கேட்டால் விண்டோஸை ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். இந்தக் கோளாறுக்கு ஃபார்மேட் தேவைப்படுவது மிக மிக அபூர்வம். இன்னொரு ஃபோனில் நெட் வருகிறது என்பதால் சிம், ரீசார்ஜ், டவர், ஹாட்ஸ்பாட் எல்லாம் சரியாக இருக்கின்றன. பழைய ஃபோனோடு வேலை செய்தது என்பதால் லேப்டாப்பின் வைஃபை கார்டும் செத்துப் போகவில்லை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: புது ஃபோன் பேசும் முறை பழைய கார்டுக்குப் புரியவில்லை. பெரும்பாலும் ஃபோனில் ஒரு செட்டிங்கையோ இரண்டையோ மாற்றினால் முடிந்துவிடும்.

முதலில் "கனெக்ட் ஆகவில்லை" என்பதைப் பிரித்துப் பாருங்கள். லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே வரவில்லையா? பெயர் வருகிறது, பாஸ்வேர்டு போட்டதும் முடியாது என்கிறதா? அல்லது கனெக்டட் என்று காட்டிவிட்டு நெட் மட்டும் வரவில்லையா? மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பார்க்காமல் கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்றுவதால்தான் சின்னக் கோளாறு பெரிதாகிறது.

பெயரே வரவில்லை என்றால்

பழைய லேப்டாப்பும் புது ஃபோனும் சேரும்போது அதிகம் நடப்பது இதுதான். காரணம் பேண்ட், அதாவது சிக்னல் ஓடும் அலைவரிசை. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும். புது ஃபோன்கள் பலவும் வேகத்துக்காக ஹாட்ஸ்பாட்டை 5-இல் போடுகின்றன. விலை குறைந்த பழைய லேப்டாப்புகளில் இருக்கும் கார்டுக்கு 2.4 மட்டுமே தெரியும். 5-இல் வரும் சிக்னலை அது பார்க்கவே பார்க்காது. எரர் எதுவும் வராது, பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

உங்கள் கார்டு எந்த வகை என்று பார்க்க, ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். கார்டின் பெயரிலேயே பெரும்பாலும் விடை இருக்கும். பெயரில் "டூயல் பேண்ட்" என்றோ, "ஏசி" என்றோ, 802.11-க்குப் பிறகு "ஏசி" அல்லது "ஏஎக்ஸ்" என்றோ இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு. 802.11-க்குப் பிறகு "பிஜிஎன்" என்று மட்டும் இருந்தால் 2.4 மட்டும்தான். உதாரணமாக ரியல்டெக் 8723பிஇ என்ற கார்டு பல லேப்டாப்புகளில் வந்தது. அதற்கு 5 கிடையாது. அதே கம்பெனியின் 8821சிஇ-க்கு இரண்டும் உண்டு. பெயரை வைத்துத் தெரியவில்லை என்றால் கார்டின் மேல் டபுள் கிளிக் செய்து அட்வான்ஸ்டு டேபைப் பாருங்கள். அங்கே பிரிஃபர்டு பேண்ட் என்று ஒரு வரி இருந்து அதில் 5 கிகாஹெர்ட்ஸும் தெரிந்தால், கார்டு டூயல் பேண்ட்.

2.4 மட்டும்தான் என்றால் மாற்றவேண்டிய இடம் ஃபோன். சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மொபைல் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் என்று போய், மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற எழுத்தைத் தொட்டால் உள்ளே பேண்ட் இருக்கும். ஷாவ்மி, ரெட்மி, போக்கோ ஃபோன்களில் போர்ட்டபிள் ஹாட்ஸ்பாட்டின் செட் அப் பக்கத்தில் ஏபி பேண்ட் என்று இருக்கும். பிக்சலில் ஸ்பீட் அண்ட் கம்பாட்டபிலிட்டி. சில ஃபோன்களில் பேண்ட் என்ற சொல்லே இருக்காது; எக்ஸ்டெண்ட் கம்பாட்டபிலிட்டி என்ற ஒரு சுவிட்சை ஆன் செய்தால் அது 2.4-க்கு இறங்கும். மாற்றியதும் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை ஆஃப் செய்து, பத்து விநாடி விட்டு ஆன் செய்யுங்கள். லேப்டாப்பிலும் வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்தால் பட்டியல் புதிதாக வரும். ஃபோன் லேப்டாப்பின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

2.4-க்கு இறங்கினால் வேகம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். ஒற்றை ஆன்டெனா கார்டுக்கு 2.4-இல் கிடைக்கும் இணைப்பு வேகம் பொதுவாக 72 எம்பிபிஎஸ். கையில் வருவது அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் வீடியோ காலுக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் தாராளம். 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் தாண்டும் சக்தி குறைவு என்பதால், ஃபோனை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு அடுத்த அறையில் உட்காருபவருக்கு 2.4 உண்மையிலேயே நல்லது.

கார்டு டூயல் பேண்ட், ஆனாலும் பெயர் வரவில்லை என்றால் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளைச் சந்தேகப்படுங்கள். வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வைஃபை வந்தபோது, இன்டெல்லின் பழைய கார்டுகள் சிலவற்றில் டிரைவர் அப்டேட் ஆகாமல் இருந்தால் வைஃபை 6 நெட்வொர்க்கின் பெயரே காட்டாது என்று அந்தக் கம்பெனியே அறிவித்து, புது டிரைவர் கொடுத்தது. 7265, 8260 போன்ற ஏசி கார்டு இருக்கும் லேப்டாப்புகளில் இதை அவசியம் பாருங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் வைஃபை 6 என்று தனிச் சுவிட்ச் உள்ள ஃபோன் என்றால் அதை ஆஃப் செய்து சோதிப்பது இன்னும் சுலபம்.

இதோடு சில சின்ன விஷயங்கள். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மறைத்து வைக்கும் செட்டிங் தவறுதலாக ஆன் ஆகியிருக்கலாம். யாரும் கனெக்ட் ஆகாவிட்டால் சில நிமிடத்தில் ஹாட்ஸ்பாட் தானே ஆஃப் ஆகும் வசதி பல ஃபோன்களில் உண்டு. நீங்கள் லேப்டாப்பில் தேடிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்திருக்கும். டேட்டா சேவர் ஆன் செய்திருந்தால் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை ஓட விடாது. லேப்டாப்பில் ஏரோபிளேன் மோடு ஆஃபில் இருக்கிறதா, பழைய மாடல்களில் பக்கவாட்டிலோ முன்புறமோ இருக்கும் வைஃபை சுவிட்ச் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். அமெரிக்காவில் வாங்கி வந்த லேப்டாப் என்றால், அங்கே 2.4-இல் வழக்கமாக 11 சேனல்தான் (சேனல் என்பது ஒரு பேண்டுக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை). ஃபோன் 12 அல்லது 13-ஐப் பிடித்துவிட்டால் பெயர் தெரியாது. ஹாட்ஸ்பாட்டை ஆஃப் செய்து ஆன் செய்தால் ஃபோன் வேறு சேனலுக்குப் போக வாய்ப்பு உண்டு.

பெயர் வருகிறது, உள்ளே விடவில்லை என்றால்

இங்கே முதல் சந்தேகம் செக்யூரிட்டி வகை. புது ஃபோன்களில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை வருகிறது; அதற்கு முந்தியது டபிள்யூபிஏ2. விண்டோஸ் 10-இல் அதற்கான ஆதரவு 2019-இல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான். விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் அது கிடையவே கிடையாது. விண்டோஸ் புதிதாக இருந்தாலும் கார்டின் டிரைவரும் அதை ஏற்கவேண்டும். பழைய கார்டுகள் பலவற்றுக்கு அப்படி ஒரு டிரைவர் வரவே இல்லை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலப்பு வகையில்கூடச் சில பழைய டிரைவர்கள் திணறும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் "இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை" என்ற பொதுவான செய்தி வருவது அதனால்தான்.

ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 பர்சனல் என்று மட்டும் தேர்ந்தெடுங்கள். வீட்டு உபயோகத்துக்கு அது போதும், பாஸ்வேர்டு நல்ல நீளமாக இருக்கவேண்டும் அவ்வளவே. சோதனைக்காகக்கூட ஓப்பன் அல்லது நன் (பாஸ்வேர்டு இல்லை) என்று வைத்து மறந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் யாரும் உங்கள் டேட்டாவைத் தீர்த்துவிடலாம், உங்கள் சிம் வழியாக என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அடுத்தது பலர் தவறவிடும் இடம். புது ஃபோன் வாங்கியதும் பழைய ஃபோனில் இருந்த அதே ஹாட்ஸ்பாட் பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைப்பார்கள், லேப்டாப் தானே கனெக்ட் ஆகட்டும் என்று. விண்டோஸ் சேமித்து வைத்திருப்பது பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமல்ல, செக்யூரிட்டி வகையும் அதோடு சேர்ந்திருக்கிறது. பெயர் அதே, வகை வேறு என்றானதும் பழைய பதிவை வைத்துக்கொண்டு விண்டோஸ் மல்லுக்கட்டும். புதிய பாஸ்வேர்டையும் கேட்காது. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போய், அந்தப் பெயரைத் தொட்டு ஃபர்கெட் கொடுங்கள். பிறகு புதிதாக இணையுங்கள். பெயரையே மாற்றிவிடுவது இதைவிடச் சுருக்கமான வழி. விண்டோஸுக்கு அது முன்பின் தெரியாத நெட்வொர்க் ஆகிவிடும்.

பாஸ்வேர்டு தவறு என்று தெளிவாகச் சொன்னால், அடிக்கும்போது வலது ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தி, என்ன விழுகிறது என்று நேரில் பாருங்கள். தமிழ் தட்டச்சு பயன்படுத்துபவர்களின் லேப்டாப்பில் கீபோர்டு தமிழிலேயே நின்றிருப்பது சகஜம். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். தனி நம்பர் பேட் இல்லாத சில பழைய லேப்டாப்புகளில் நம்லாக் கீ ஆன் ஆகியிருந்தால் வலது பக்க எழுத்துகள் சில எண்ணாக விழும். ஆங்கிலப் பெரிய ஐ எழுத்தும் சின்ன எல் எழுத்தும், பூஜ்யமும் ஓ எழுத்தும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். எட்டு எழுத்துக்குக் குறையாமல், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட பாஸ்வேர்டு வைத்தால் இந்தக் குழப்பம் பாதியாகும்.

ஹாட்ஸ்பாட்டுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. வைஃபை பெயருக்கு மொத்த இடம் 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. தமிழ்ச்செல்வி என்ற பெயர் கண்ணுக்கு ஏழு எழுத்து, உள்ளே 13 குறியீடு, 39 பைட். இடம் போதாது. "மலர்" போன்ற சின்னப் பெயருக்கு இடம் போதும் என்றாலும், பழைய டிரைவர் அதைக் கசமுசா எழுத்தாகக் காட்டலாம், இணையாமலும் போகலாம். கோளாறு இருக்கும் நேரத்திலாவது இடைவெளி, ஈமோஜி, மேற்கோள் குறி எதுவும் இல்லாத ஆங்கிலப் பெயராக வைத்துச் சோதியுங்கள்.

கடைசியாக, ஃபோன் வேண்டுமென்றே தடுக்கிறதா என்று பாருங்கள். எத்தனை சாதனம் இணையலாம் என்ற வரம்பு ஒன்று என்று இருந்தால், இன்னொரு ஃபோன் ஏறியதும் லேப்டாப்புக்கு இடமில்லை. அனுமதித்த சாதனம் மட்டும் என்ற பட்டியல் ஆன் ஆகியிருக்கலாம், அல்லது லேப்டாப் பிளாக் லிஸ்டில் விழுந்திருக்கலாம். அனுமதிப் பட்டியல் பயன்படுத்துபவர்கள் விண்டோஸில் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ் என்பதை ஆஃபில் வையுங்கள். அது ஆனில் இருந்தால் லேப்டாப் வேறு முகவரியோடு வந்து நிற்கும், ஃபோனுக்கு அடையாளம் தெரியாது.

கனெக்டட் என்கிறது, நெட் இல்லை என்றால்

வைஃபை பெயருக்குக் கீழே இருக்கும் பிராப்பர்ட்டீஸைத் திறந்து ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் படியுங்கள். அந்த எண் எங்கே போகவேண்டும் என்று சொல்லிவிடும்.

169.254 என்று தொடங்கினால், ஃபோனிடமிருந்து லேப்டாப்புக்கு முகவரி கிடைக்கவில்லை. விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஃபோனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட்டை மட்டும் ஆஃப் செய்து ஆன் செய்தால் சில சமயம் போதாது. அதற்கும் சரியாகாவிட்டால், தனியாகப் போட்ட ஆன்டிவைரஸின் ஃபயர்வாலைச் சில நிமிடம் நிறுத்திச் சோதித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

192.168 என்று தொடங்கினால் முகவரி பெரும்பாலும் சரி. ஆனால் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ யாராவது கையால் ஐபி போட்டுக் கொடுத்திருந்தால் அதுவும் இதே போலத் தெரியும். எந்த நெட்வொர்க்குக்குப் போனாலும் அதே எண் மாறாமல் இருப்பது அதன் அடையாளம். அதே பக்கத்தில் ஐபி அசைன்மென்ட் மேனுவல் என்று இருந்தால் எடிட் கொடுத்து ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

முகவரி சரி என்றால் கமாண்ட் பிராம்ப்டில் (விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னல்) பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, 8.8.8.8 கொடுங்கள். பதில் வந்தும் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை. டிஎன்எஸ்-இல் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் பிராக்ஸி பக்கத்தில் மேனுவல் பிராக்ஸி (நெட்டை வேறொரு கணினி வழியாக அனுப்பும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். அலுவலக லேப்டாப்பில் அடிக்கடி மாட்டுவது இது. விபிஎன் ஆப் ஓடினால் அதை முழுதாக மூடுங்கள். பேட்டரி தீர்ந்து ரொம்ப நாள் கிடந்த லேப்டாப்பில் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். அப்போது தளங்கள் எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கையோடு நின்றுவிடும். தேதியைச் சரிசெய்தாலே போதும்.

பிங்குக்கே பதில் இல்லை என்றால் ஃபோனின் டேட்டாவைப் பாருங்கள். தினசரி 1.5 ஜிபி, 2 ஜிபி பிளானில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் வரை விழும். ஃபோனில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், லேப்டாப்பில் ஒரு பக்கமும் திறக்காது; ஹாட்ஸ்பாட் கெட்டுவிட்டது என்றே தோன்றும். பல வீடுகளில் அந்த டேட்டாவைத் தீர்ப்பது லேப்டாப்பேதான், பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும். முதல்முறை இணைந்ததுமே பிராப்பர்ட்டீஸில், பின்னணி டவுன்லோடுகளைக் குறைக்கும் மீட்டர்டு கனெக்‌ஷன் ஆன் செய்துவிடுங்கள். ஷாவ்மி ஃபோன்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி டேட்டா வரம்பு வைக்கும் வசதியும் உண்டு. அது எட்டியிருந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

ஃபோனில் நெட் நன்றாக ஓடி, ஹாட்ஸ்பாட்டில் ஏறும் எந்தச் சாதனத்துக்குமே நெட் வரவில்லை என்றால் மட்டும் ஃபோனின் ஏபிஎன் (சிம் கம்பெனியின் நெட்டோடு ஃபோனை இணைக்கும் செட்டிங்) பக்கம் போங்கள். ஏபிஎன் டைப் என்ற வரியில் டிஃபால்ட் என்று மட்டும் இருந்தால் கமா போட்டு டியுஎன் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்க்கவேண்டியிருக்கலாம். உங்கள் வீட்டில் இன்னொரு ஃபோனுக்கு நெட் வருவதால் ஏபிஎன்னைத் தொடவே வேண்டாம்.

கேபிளைப் போட்டுப் பாருங்கள்

எந்தப் பக்கம் கோளாறு என்று குழப்பமாக இருந்தால், இரண்டு நிமிடத்தில் விடை சொல்வது யுஎஸ்பி டெதரிங். ஃபோனை கேபிளால் லேப்டாப்பில் சொருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். கேபிள் சொருகாதவரை அந்தச் சுவிட்ச் மங்கியே இருக்கும். சொருகிய பிறகும் மங்கியே இருந்தால் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். ஃபோனோடு வந்த கேபிளை எடுங்கள். இதில் நெட் வந்துவிட்டால் சிம்மும் விண்டோஸும் நலம், கோளாறு வைஃபை கார்டிலோ அதன் டிரைவரிலோதான். இதிலும் வரவில்லை என்றால் பிராக்ஸி, விபிஎன், ஃபயர்வால் பக்கம் தேடுங்கள். நாளை காலை நேர்காணலோ விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ இருக்கிறது என்றால், வைஃபையோடு போராடாமல் இதிலேயே வேலையை முடியுங்கள். வேகமும் நன்றாக இருக்கும், ஃபோன் சார்ஜும் ஏறும்.

டிரைவரைப் புதுப்பிக்கவும் இந்த கேபிள் நெட்டே உதவும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வைஃபை டிரைவரை இறக்குங்கள். டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று வரும் விளம்பர ஆப்களை லேப்டாப்பில் ஏற்றாதீர்கள். புது டிரைவர் கிடைக்கவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் மறுபடி தானே போட்டுக்கொள்ளும். அப்போது டிரைவர் ஃபைலையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தை டிக் செய்யாதீர்கள். கனெக்ட் ஆகி ஆகி அறுந்து போகிறது என்றால் அதே கார்டின் பவர் மேனேஜ்மென்ட் டேபில், மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் ஓடும்போது அதன் போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ஃபோனை அதிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. ஐஃபோன் 12 முதல் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் மேக்ஸிமைஸ் கம்பாட்டபிலிட்டி என்ற சுவிட்ச் உண்டு. அதை ஆன் செய்தால் 2.4-க்கு இறங்கும். லேப்டாப் இணையும்வரை அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஃபோன் பெயரில் மேற்கோள் குறி இருந்தால் ஜெனரல், அபவுட் பகுதியில் அதை எடுத்துவிடுங்கள். ஐபி 172.20.10 என்று தொடங்கினால் பயப்படவேண்டாம், ஐஃபோன் அப்படித்தான் கொடுக்கும்.

நெட்வொர்க் ரீசெட் எல்லாவற்றுக்கும் கடைசி. விண்டோஸில் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போகும், விபிஎன்னைத் திரும்ப அமைக்கவேண்டிவரலாம். ஃபோனில் செய்தால் புளூடூத் இணைப்புகளும் சேர்ந்து போகும். முக்கியமானவற்றை எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கார்டு உண்மையிலேயே பழுதாகி இருந்தால்கூட லேப்டாப்பை மாற்றவேண்டியதில்லை. டூயல் பேண்ட் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் சொருகலாம். ஏசி600 என்று குறித்த சின்ன அடாப்டர் 2.4-இல் 150, 5-இல் 433 எம்பிபிஎஸ் இணைப்பு தரும்; லேப்டாப்பில் இருக்கும் பழைய யுஎஸ்பி 2 போர்ட்டே அதற்குப் போதும். அட்டைப் பெட்டியில் 150 என்றோ 300 என்றோ மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 2.4 மட்டும், திரும்ப அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். அடாப்டரைச் சொருகியதும் டிவைஸ் மேனேஜரில் பழைய கார்டை டிசேபிள் செய்துவிடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடவேண்டாம்.